சைனஸுக்கு எந்த ஆன்டிபயாடிக்?

வாடைக் காற்று தொடங்கிவிட்டால் தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை மருந்துக் கடைகளில் ஒரே பேச்சுதான். "அண்ணே, தலை பாரமா இருக்கு, மூக்குல நீர் கோத்துக்கிச்சு. நல்ல பவரா ஒரு ஆன்டிபயாடிக் குடுங்க." மூன்று மாத்திரை உள்ள அட்டை ஒன்று கைமாறும். ஒரு வாரத்தில் தலைபாரம் இறங்கிவிடும். "அந்த மாத்திரைதான் கேட்டுச்சு" என்று பக்கத்து வீட்டுக்கும் அதே பெயர் போய்ச் சேரும். மாத்திரையே போடாமல் இருந்திருந்தாலும் அதே ஒரு வாரத்தில் இறங்கியிருக்குமா என்று யாரும் யோசிப்பதில்லை.

எந்த ஆன்டிபயாடிக் நல்லது என்ற கேள்விக்கு முன்னால், ஆன்டிபயாடிக் வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. அதைத் தாண்டி வந்தவர்களுக்கு மட்டும்தான் எது என்ற பேச்சு. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

முகத்துக்குள் என்ன நடக்கிறது?

மூக்கைச் சுற்றி, முக எலும்புகளுக்குள் காற்று நிறைந்த அறைகள் நான்கு ஜோடி இருக்கின்றன. கன்னத்துக்குள் ஒரு ஜோடி, புருவத்துக்கு மேலே ஒரு ஜோடி, இரு கண்களுக்கும் நடுவே சின்னச் சின்ன அறைகளாக ஒரு ஜோடி, இன்னும் பின்னால் ஆழத்தில் ஒரு ஜோடி. இவைதான் சைனஸ்கள். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அகலமுள்ள துவாரம் வழியாக மூக்குக்குள் திறக்கிறது.

அறைகளின் உட்சுவரில் சளிச்சவ்வு என்ற ஈரமான தோல் படர்ந்திருக்கிறது. அது எப்போதும் கொஞ்சம் சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். சவ்வின் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து அந்தச் சளியைத் துவாரத்தை நோக்கித் தள்ளுகின்றன. கன்னத்துச் சைனஸில் ஒரு கோளாறு உண்டு. அதன் துவாரம் அறையின் மேல்பக்கத்தில் இருக்கிறது. நாம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது சளி தானாக வடியாது, நுண்மயிர்கள்தான் மேலே ஏற்றிவிட வேண்டும். சளி பிடித்தால் முதலில் கன்னம் கனப்பது இதனால்தான்.

சளி பிடிக்கும்போது சவ்வு வீங்குகிறது. சில மில்லிமீட்டர் துவாரம் அடைபட அவ்வளவு வீக்கம் போதும். உள்ளே சுரப்பது வெளியேற வழியில்லாமல் தேங்கி, கன்னத்திலும் நெற்றியிலும் அழுத்துகிறது. குனிந்தால் வலி கூடுகிறது.

சுருக்கமாக, நாம் சைனஸ் என்று சொல்லும் தொல்லையின் ஆரம்பம் வீக்கமும் அடைப்பும்தான். கிருமி பெருகுவது, பெருகினால், அதற்குப் பிறகு நடப்பது.

வைரஸா, பாக்டீரியாவா?

வீங்கவைக்கும் கிருமி பெரும்பாலும் வைரஸ். வைரஸ் நம் உடலின் செல்லுக்குள் புகுந்து அந்தச் செல்லை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொள்ளும் மிகச் சிறிய கிருமி. பாக்டீரியா அப்படியில்லை. தனக்கென்று சுவரும் உள்ளுறுப்புகளும் உடைய முழுமையான ஓர் உயிர். ஆன்டிபயாடிக் தாக்குவது பாக்டீரியாவின் அந்தச் சுவரையும் உள்ளுறுப்புகளையும்தான். வைரஸிடம் அவை இல்லை. அதனால் எவ்வளவு 'பவர்' ஏற்றினாலும் வைரஸை அது ஒன்றும் செய்யாது.

வைரஸால் சளி பிடித்த நூறு பெரியவர்களில், தேங்கிய சளியில் பாக்டீரியா பெருகித் தொற்றாக மாறுவது இரண்டு பேருக்கு மேல் போகாது. மீதிப் பேருக்கும் மூக்கடைக்கும், முகம் வலிக்கும். ஆனால் அது தானாகப் போகும்.

"பச்சையா வருதே, அப்ப சீழ்தானே?" என்று கேட்பார்கள். படித்தவர்களிடமும் உள்ள நம்பிக்கை இது. கிருமியோடு மோத வரும் வெள்ளை அணுக்களில் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. அவை சளியில் கூடும்போது சளி மஞ்சளாகும், பச்சையாகும். வந்த கிருமி வைரஸாக இருந்தாலும் வெள்ளை அணுக்கள் வரும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஸ்கேன் எடுத்தால் தெரியுமா? தெரியாது. சாதாரணச் சளி பிடித்தவரைச் சி.டி. ஸ்கேனில் பார்த்தாலும் சைனஸ் மங்கலாகத்தான் இருக்கும். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துச் சோதித்தாலும் மூக்கில் வழக்கமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் கலந்து வந்து குழப்பும். அதனால் மருத்துவர் நம்புவது காலண்டரைத்தான்.

காலண்டரில் மூன்று விதமான போக்கைத் தேடுவார். முதலாவது, பத்து நாள் ஆகியும் கொஞ்சம்கூடக் குறையாமல் இருப்பது. இரண்டாவது, தொடங்கும்போதே 102 டிகிரி காய்ச்சலும், கெட்டியான சளியோ கடுமையான முகவலியோ சேர்ந்து மூன்று நான்கு நாள் விடாமல் நிற்பது. மூன்றாவது, ஐந்தாறு நாளில் நன்றாகத் தேறி, கடலுக்கே போய் வந்தபிறகு, திடீரென்று காய்ச்சலும் வலியும் மறுபடி ஏறுவது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் பாக்டீரியா என்று சந்தேகிக்கலாம். நான்காவது நாளில், காய்ச்சலும் இல்லாமல், மூக்கடைப்போடு மட்டும் வந்து ஆன்டிபயாடிக் கேட்பவருக்கு அது தேவைப்பட அநேகமாக வாய்ப்பில்லை.

பாக்டீரியா என்றே வைத்துக்கொள்வோம்

அப்போதும் உடனே மாத்திரை போட்டாக வேண்டும் என்றில்லை. மற்றபடி நல்ல உடல்நிலையில் இருப்பவர், தொந்தரவும் மிதமாக இருந்தால், இன்னும் சில நாள் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்வதுண்டு. அது அலட்சியம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 2018ல் இதை அலசியது. அறிகுறிகளை வைத்துச் சைனஸ் தொற்று என்று கணிக்கப்பட்ட பெரியவர்களில், ஆன்டிபயாடிக் எடுக்காதவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஒரு வாரத்தில் குணமானார்கள். இரண்டு வாரத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் தேறினார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்ததால் விரைவாகக் குணமானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான் கூடுதல். வயிற்றுப்போக்கு போன்ற பக்கவிளைவு வந்தவர்களோ நூற்றுக்குப் பதின்மூன்று பேர் கூடுதல்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்றும் போய்விடக் கூடாது. அந்த ஐந்து பேரில் நீங்கள் ஒருவராக இருக்கலாம். மேலே சொன்ன மூன்று போக்குகளில் ஒன்று தெளிவாகத் தெரிந்தால், அதிலும் கடுமையான காய்ச்சலோடு தொடங்கியிருந்தால், சர்க்கரை நோயோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ இருந்தால், மருந்தின் பலன் கூடும். காத்திருப்பதன் ஆபத்தும் கூடும்.

வலையைப் பார்த்து எடுப்பது போல

நெத்திலிக்குப் போகிறவர் நண்டு வலையை எடுத்துக்கொண்டு போவதில்லை. எந்த மீன் என்று தெரிந்தால்தான் எந்தக் கண்ணி உள்ள வலை என்று முடிவாகும். எதற்கும் இருக்கட்டும் என்று இழுவை மடியைப் போட்டால் வேண்டிய மீனும் வரும், குஞ்சு, பாசி, சிப்பி எல்லாம் சேர்ந்து வரும், அடித்தரையும் கெடும். ஆன்டிபயாடிக்கிலும் குறுகிய வகை, அகன்ற வகை என்று உண்டு. அகன்ற வகை பலவிதப் பாக்டீரியாக்களை ஒருசேரக் கொல்லும். நம் குடலில் செரிமானத்துக்கு உதவும் நல்ல பாக்டீரியாக்களும் அதில் போகும். மாத்திரை போட்டதும் வயிறு கலங்குவது அதனால்தான்.

சரி, சைனஸில் எந்த மீன்? முக்கியமாக மூன்று: நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா. சிறுநீர்ப் பாதைக்கு ஏற்ற மருந்து இவற்றுக்கும் ஏற்றதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. "போன வருஷம் யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குக் குடுத்தது மிச்சம் இருக்கு" என்று அதை எடுத்துப் போடுவது எவ்வளவு பொருந்தாத வேலை என்று இதிலிருந்தே தெரியும்.

இந்த மூன்றுக்கும் பழைய, விலை குறைந்த அமாக்சிசிலின்தான் இன்னும் முதலில் நினைக்கப்படும் மருந்து. பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாக்டீரியா தன் சுவரைக் கட்டும் வேலையை இது தடுக்கிறது. சுவர் பலவீனமாகி பாக்டீரியா உடைந்து சாகிறது. நம் செல்களுக்கு அப்படிப்பட்ட சுவர் இல்லாததால் அவற்றுக்குச் சேதமில்லை.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. ஹீமோஃபிலஸில் ஒரு பகுதியும் மொராக்செல்லாவில் பெரும்பகுதியும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து அமாக்சிசிலினையே வெட்டிப்போடக் கற்றுவிட்டன. அதற்கு மாற்றாகத்தான் கிளாவுலானிக் அமிலத்தைக் கூடச் சேர்க்கிறார்கள். அது தனியாகப் பெரிதாக ஒன்றையும் கொல்லாது. அந்த நொதியில் போய் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்வதே அதன் வேலை. நொதி அங்கே மாட்டிக்கொண்டிருக்கும்போது அமாக்சிசிலின் தன் வேலையை முடித்துவிடும். கடையில் '625' என்று எண்ணைச் சொல்லிக் கேட்கிறார்களே, அது 500 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த கூட்டுத்தொகை. எண் பெரியதாக இருப்பதால் மருந்து வீரியமானது என்று அர்த்தமில்லை.

தனி அமாக்சிசிலின் போதுமா, கூட்டு மருந்து வேண்டுமா என்பதில் மருத்துவ வழிகாட்டுதல்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கடந்த ஒரு மாதத்துக்குள் வேறு ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால், வயது 65க்கு மேல் இருந்தால், அண்மையில் மருத்துவமனையில் படுத்திருந்தால், கூட்டு மருந்தின் பக்கம் சாய்வார்கள். கூட்டு மருந்தில் வயிற்றுப்போக்கு அதிகம். சாப்பாடு தொடங்கும்போது போட்டால் தொல்லை குறையும்.

இதுவரை சொன்னதன் சாரம்: சைனஸ் பாக்டீரியாக்களை எட்டும் மருந்துகளில் எது குறைவாகச் சிதைக்கிறதோ அதுவே நல்ல தேர்வு. கடையில் உள்ளதில் பெரியது எது என்று தேடுவது வேறு வேலை.

அந்த மூன்று மாத்திரை அட்டை

அசித்ரோமைசின் இவ்வளவு பிரபலமானதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. ஒரு நாளைக்கு ஒன்று, மூன்று நாளில் முடிந்தது. இன்று கடலுக்குப் போய் நாளை கரை திரும்புகிறவருக்கு, படகில் வேளை தவறாமல் மாத்திரை போடுவது சுலபமில்லை. ஆனால் நியூமோகாக்கஸ் பல இடங்களில் இந்த மருந்துக்கு அடங்க மறுக்கிறது. அதனால் சைனஸ் தொற்றுக்கு இதை முதல் மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்றே அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. போதாக்குறைக்கு இது உடலிலிருந்து மிக மெதுவாக வெளியேறும். மாத்திரை நின்றபிறகும் பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கியிருக்கும். கொல்லப் போதாத அந்த அளவு, தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாக்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிட ஏதுவாகிறது. வசதி உண்மைதான். அந்த வசதிக்காக, வேலை செய்யாத மருந்தை எடுப்பதில் என்ன பயன்?

செஃபிக்சிமும் இப்படித்தான். நியூமோகாக்கஸில் எதிர்ப்புள்ள வகைகளிடம் தனியாக நின்று தாங்காது.

லீவோஃபிளாக்சசின் விஷயத்தில் கவலை வேறு. அது சைனஸ் பாக்டீரியாக்களை நன்றாகவே கொல்லும். ஆனால் அபூர்வமாகத் தசைநாண் கிழிவதும் நரம்புக் கோளாறும் இந்த மருந்துக் குடும்பத்தோடு சேர்ந்து வருகின்றன. வேறு மருந்து இருக்கும்போது சாதாரணச் சைனஸ் தொற்றுக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016ல் எச்சரித்தது. நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மருந்து காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். அடியில் காசநோய் இருந்து, மேலே சளி என்று நினைத்து இதைக் கொடுத்தால், சில வாரம் தேறியது போலத் தோன்றி நோய் கண்டுபிடிப்பதே தள்ளிப்போகும். செஃபிக்சிம், லீவோஃபிளாக்சசின் இரண்டும் எச்-1 பட்டியலில் உள்ளவை. 2014 மார்ச் முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். மற்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் சீட்டு தேவைதான்.

பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்சிசைக்ளின் ஒரு வழி. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஆகாது. இதைப் போடும்போது தோல் வெயிலுக்குச் சட்டென்று கன்றிவிடும். மன்னார் வளைகுடா வெயிலில் திறந்த வள்ளத்தில் நிற்கிறவர் இதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நிறையத் தண்ணீரோடு நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும். போட்ட உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். அப்புறம், முன்பு ஒருதரம் வயிற்றோட்டம் வந்ததை 'பெனிசிலின் அலர்ஜி' என்று சொல்லாதீர்கள். மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்ததா என்பதுதான் கேள்வி.

எத்தனை நாள்? உடம்பு பழகிவிடுமா?

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் போதும். பதினான்கு நாள் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. எழுதிக் கொடுத்த நாள்கணக்கை முடியுங்கள். இரண்டாம் நாளே தேறியது என்று நிறுத்தி, மீதியை அலமாரியில் வைத்து மச்சானுக்குக் கொடுக்காதீர்கள். மூன்று முதல் ஐந்து நாளில் துளியும் குறையவில்லை என்றால், அல்லது நடுவில் மோசமானால், மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டும். மருந்து தவறா, நோயே வேறா என்று அவர் பார்ப்பார்.

"அடிக்கடி போட்டா உடம்பு பழகிரும்" என்பது பாதி சரி. பழகுவது நம் உடம்பு இல்லை, பாக்டீரியா. மருந்தில் சாகாமல் தப்பியவை பெருகி அதே குணத்தைச் சந்ததிக்குக் கொடுக்கின்றன. இதுதான் மருந்தெதிர்ப்பு. இதில் ஒரு விவகாரம் உண்டு. அப்படிப்பட்ட பாக்டீரியா உங்கள் மூக்கோடு நின்றுவிடாது. வீட்டுப் பிள்ளைக்கும் வயதான அம்மாவுக்கும் தொற்றும். ஆகவே ஒரே வீட்டில் ஆன்டிபயாடிக்கே தொடாதவருக்கும் மருந்து கேட்காமல் போகலாம்.

தொற்று போலவே தெரிபவை

இந்தக் கரையில் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிப்பவர்களும், மண்டபம், பாம்பன் பக்கம் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மூன்று மீட்டர் இறங்கினாலே முப்பது சதவீதம் அதிகம். மூக்கடைப்போடு இறங்கினால் சைனஸுக்குள் மாட்டிய காற்று சுருங்குகிறது. வெளியிலிருந்து காற்று போய் நிரப்ப வழியில்லை. சவ்வு உறிஞ்சப்பட்டு வீங்கி, சிலருக்கு ரத்தமும் கசியும். மேலே வந்ததும் நெற்றியில் குத்துவது போல வலி, மூக்கில் ரத்தம். இது அழுத்தக் காயம். ஆன்டிபயாடிக் இதை ஆற்றாது. மூக்கு முழுதாகத் திறக்கும்வரை மூழ்காமல் இருப்பதுதான் மருந்து. அன்றன்றைக்குச் சம்பாதிக்கிறவரிடம் இதைச் சொல்வது எளிதல்ல என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

அடுத்தது ஒற்றைத் தலைவலி. சைனஸ் தலைவலி என்று தாங்களே சொல்லிக்கொண்ட ஏறத்தாழ 3,000 பேரை ஆராய்ந்து 2004ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. சளியே இல்லாமல் மாதாமாதம் தலை வலிக்கிறது, வெளிச்சம் பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்றால் சைனஸை விட்டுவிட்டு அந்தப் பக்கம் யோசிக்க வேண்டும்.

தும்மலும் கண் அரிப்பும் தண்ணீர் போன்ற ஒழுகலும் என்றால் ஒவ்வாமை. ஈரக்காற்றில் பெருகும் தூசிச் சிற்றுண்ணியும் பூஞ்சையும் நம் பக்கம் இதற்குக் குறைவில்லாமல் உண்டு. ஒரே பக்கம் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் மேல்கடைவாய்ப் பல்லைக் காட்டுங்கள், பல்வேரின் சீழ் கன்னச் சைனஸுக்குள் போயிருக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் இருக்கும் சைனஸ் தொல்லை தனி வகை. அதில் ஆன்டிபயாடிக்கைவிட மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் கழுவுதலும் முக்கியம். காது-மூக்கு-தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டியது அது.

காத்திருக்கும் நாட்களில்

வலிக்குப் பாராசிட்டமால். மூக்கை உப்புநீரால் கழுவுவது உண்மையிலேயே உதவும். கடல் தண்ணீரை உறிஞ்சினால் போதுமே என்று நினைக்க வேண்டாம். கடலில் உள்ள உப்பு நம் உடல் நீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு, கிருமியும் உண்டு. நம் கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பும் நமக்குத் தெரிந்ததுதான். கேன் தண்ணீரானாலும் காவிரிக் குடிநீரானாலும் கொதிக்க வைத்து ஆறவைத்த பிறகே மூக்கில் விடுங்கள். நன்னீரில் வாழும் மூளை தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் வந்தால் பிழைப்பது அரிது. மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புப் பொட்டலம் அளவில் சிக்கலில்லாதது.

அடைப்பு திறக்க விடும் சொட்டு மருந்தை மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாளோடு நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், அவ்வளவுதான். பிள்ளைகளைக் கொதிக்கும் சட்டிக்கு முன் உட்கார வைக்காதீர்கள், வெந்த பிள்ளைகள் உண்டு.

எப்போது காத்திருக்கக் கூடாது

கண்ணைச் சுற்றி வீக்கம் அல்லது சிவப்பு, பார்வை இரண்டாகத் தெரிவது, கழுத்தை மடக்க முடியாத தலைவலி, குழப்பமான பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சைனஸ் கண்ணுக்கும் மூளைக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு முகம் மரத்து, மூக்கில் கருப்பாக ஏதும் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். 2021ல் கரும்பூஞ்சை என்று கேள்விப்பட்டோமே, அதுதான். ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது, மணிக்கணக்கில் முற்றும். உள்ளூர் கிளினிக்கில் நேரம் போக்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு நேரே போங்கள். போகும்போது தொந்தரவு தொடங்கிய தேதி, கடைசியாக எடுத்த ஆன்டிபயாடிக்கின் அட்டை, சர்க்கரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா என்ற விவரம், இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.